டின் எண்ணெய்க்கு வரி ஏறினால் தேன்குழலுக்கு என்ன விலை?

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் ஒரு பழைய வீட்டின் இரண்டாங்கட்டை வாடகைக்கு எடுத்து மதினி பலகாரம் போடுகிறார். வீட்டுக்காரர்கள் சென்னையில். கல்யாணம், படைப்பு என்றால்தான் வந்து முகப்பைத் திறப்பார்கள். மற்ற நாட்களில் அந்த வீட்டில் ஆள் இருப்பதற்கு அடையாளம் எண்ணெய் வாசனை ஒன்றுதான். இரண்டு அடுப்பு, ஐந்து பெண்கள், வாரத்துக்கு ஐந்து டின் பாமாயில். தேன்குழல், சீப்புச் சீடை, கை முறுக்கு, அதிரசம், சொல்லிவைத்தால் மணக்கோலம். கணக்கு எழுதுவது என் வேலை. காலி டின் விற்ற காசு மட்டும் கணக்கில் வராது. அது மதினியின் சுருக்குப்பைக்குப் போகும்.

போன வாரம் மொத்தக் கடைக்காரர் போன் பண்ணினார். "வர்ற பட்ஜெட்ல பாமாயில் வரியை மறுபடி ஏத்தப் போறாங்கன்னு பேச்சு. முப்பது டின் எடுத்துப் போட்ருங்க ஆச்சி, பின்னாடி என்னையச் சொல்லக்கூடாது." மதினி போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். "தம்பி, பேப்பர் படிக்கிற ஆளு நீங்கதான். எடுக்கவா, வேண்டாமா?"

நாளைக்குச் சொல்கிறோம் என்று போனை வைக்கச் சொன்னேன். அன்று ராத்திரி உட்கார்ந்து போட்ட கணக்கு இது. எண்ணெய்ச் சட்டி வைத்துப் பிழைக்கிற வேறு யாருக்காவது உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் இந்த வரி எப்படி ஏறுகிறது என்பது. மசோதா வரும், நாடாளுமன்றத்தில் பேசுவார்கள், ஓட்டெடுப்பு நடக்கும், அப்புறம்தானே ஏறும், அதற்குள் நிதானமாக முடிவு பண்ணலாம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சுங்க வரியில் அப்படி நடப்பதில்லை. நிதி மசோதாவில் வரியை ஏற்றி, உடனே அமலாகும் என்று ஓர் அறிவிப்பையும் சேர்த்துவிட்டால், தாக்கல் செய்த அன்று நள்ளிரவிலிருந்தே புது வரிதான். மசோதா நிறைவேறுவது பிறகு. 1931-இல் வெள்ளைக்காரன் போட்ட தற்காலிக வரி வசூல் சட்டம் இதற்கு வழி செய்தது. 2023-இல் அதை எடுத்துவிட்டு அதே பெயரில் புதுச் சட்டம் போட்டார்கள், வழி மாறவில்லை. பட்ஜெட் வரைக்கும் காத்திருக்கவேண்டும் என்றும் இல்லை. அட்டவணையில் வரியை உயரமாக எழுதி வைத்துவிட்டு, 1962-ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் ஓர் அறிவிப்புப் போட்டுச் சலுகை கொடுத்திருப்பார்கள். சலுகையைச் சுருக்கினால் வரி ஏறிவிடும். அதற்கு ஒரே ஒரு அறிவிக்கை போதும்.

2024 செப்டம்பரில் நடந்தது இதுதான். 13-ஆம் தேதி அறிவிக்கை வந்தது, 14-ஆம் தேதி அமல். கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு அடிப்படை வரி பூஜ்யமாக இருந்தது 20 சதவீதம் ஆனது. வேளாண் கட்டமைப்பு செஸ் 5 சதவீதம், அதற்கெல்லாம் மேலே சமூக நல சர்சார்ஜ், எல்லாம் சேர்த்து 5.5-இல் இருந்து 27.5. சுத்திகரித்து வருவதற்கு 13.75-இல் இருந்து 35.75. சோயா விலை ஆதார விலையான குவிண்டாலுக்கு 4,892 ரூபாய்க்குக் கீழே கிடந்து விவசாயிகள் கொதித்துக்கொண்டிருந்த நேரம், மகாராஷ்டிரத்தில் தேர்தலும் வரவிருந்தது. பழைய வரியில் இறக்கிய எண்ணெயே 30 லட்சம் டன் கையிருப்பு இருக்கிறது, 45 முதல் 50 நாளுக்குத் தாங்கும், அதுவரை விலையை ஏற்றாதீர்கள் என்று மத்திய உணவுத் துறை எண்ணெய்க் கம்பெனிகளிடம் சொன்னது. எங்களுக்கு மூன்றாம் நாளே டின்னுக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் ஏறிவிட்டது. தீபாவளிக்கு ஒன்றரை மாதமே இருந்த நேரத்தில், முன்பணம் வாங்கி விலை பேசி முடித்த ஆர்டர்கள் கையில் இருந்தன. அந்த வருத்தம் மதினிக்கு இன்னும் போகவில்லை.

2025 மே 30-இல் கச்சா எண்ணெய் அடிப்படை வரியைப் பாதியாக்கி 10 சதவீதம் என்றார்கள். மொத்தம் 16.5. அந்த இறக்கம் எங்கள் அடுப்புக்கு வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. ஏறும்போது மூன்று நாள், இறங்கும்போது மூன்று வாரம். கேட்டால், "பழைய ஸ்டாக்கு ஆச்சி." ஏறும்போது மட்டும் பழைய ஸ்டாக் யாரிடமும் இருப்பதில்லை.

சரி, கணக்குக்கு வருவோம். துறைமுகத்தில் வரிக்கு முன்னால் கிலோ 100 ரூபாய்க்கு வந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், கணக்குச் சுலபமாக இருக்கும். வரி 16.5-இல் இருந்து பழையபடி 27.5-க்குப் போனால் கிலோவுக்கு 11 ரூபாய் கூடும். அதன்மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்தால் பதினொன்றரை. 15 கிலோ டின்னுக்கு 173 ரூபாய். டின்னாகப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நாங்கள் விற்பது டின்னை அல்ல. ஒரு கிலோ தேன்குழல் எங்கள் சட்டியில் ஏறக்குறைய 300 கிராம் எண்ணெயை எடுத்துக்கொள்கிறது. அப்படியானால் ஒரு கிலோ தேன்குழலுக்கு வரி ஏற்றத்தால் கூடுவது மூன்றரை ரூபாய்.

இதை நான் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மதினி நம்பவில்லை. "மூணரை ரூவாய்க்கா அந்தத் தீபாவளில அம்புட்டு அழுதோம்?" அந்தத் தடவை ஏறியது 22 சதவீதப் புள்ளி, ஒரு கிலோ தேன்குழலுக்கு ஏழு ரூபாய். அதோடு விலை பேசி முடித்த சரக்கு, கையிலிருந்து போட வேண்டியதாயிற்று. வரியின் அளவைவிட அது வந்த நேரம்தான் எங்களை அடித்தது. இதை மனதில் வைத்துக்கொண்டுதான் மற்ற வழிகளைப் பார்க்கவேண்டும்.

கடைக்காரர் சொன்ன வழி, முப்பது டின் வாங்கி அடுக்குவது. இடத்துக்குப் பஞ்சமில்லை. செட்டிநாட்டு வீட்டில் அறைக்கா குறை? வளவு அறைகளில் வெயில் எட்டிப் பார்க்காது, சுவரோ முழ அகலம், சித்திரையிலும் குளுகுளுவென்று இருக்கும். சீல் உடைக்காத பாமாயில் ஆறு வாரத்தில் கெட்டுப்போகாது. முப்பது டின்னுக்கு ஏறக்குறைய 58,000 ரூபாய். மதினி நகையை வைத்து நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்கு எடுத்தாலும் ஆறு வாரத்துக்கு வட்டி ஆயிரத்துக்குள் அடங்கிவிடும். வரி ஏறிவிட்டால் மிச்சம் 5,200 ரூபாய். பார்த்தவுடன் கை துறுதுறுக்கிற கணக்கு.

ஏறாமல் இறங்கினால்? மே மாதத்தில் இறங்கத்தானே செய்தது. தங்கத்தில் இந்தப் பக்கத்து ஆட்கள் இதைவிடப் பெரிதாகச் சூடு பட்டிருக்கிறார்கள். 2022 ஜூலையில் தங்கத்துக்கு வரியை 15 சதவீதம் ஆக்கினார்கள். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் ஒரே வெட்டாக 6 சதவீதம். ஆவணிக் கல்யாணத்துக்கு அதற்கு முந்தின வாரம் முழுச் சீரையும் எடுத்து முடித்த ஒரு வீடு எனக்குத் தெரியும். பட்ஜெட்டுக்கு முன்னால் எடுத்தால்தான் லாபம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு எடுத்தவர்கள். அந்த வீட்டு அப்பச்சியிடம் இன்றைக்கும் யாரும் பட்ஜெட்டைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அதோடு எண்ணெய் விலையில் வரி ஒரு பங்குதான். பாமாயிலுக்குக் கணக்குப் போடும் அடிப்படை விலையையே பதினைந்து நாளுக்கு ஒரு தரம் டாலரில் மாற்றி அறிவிக்கிறார்கள். ரூபாய் சரிந்தாலும் டின் ஏறும். 2022-இல் இந்தோனேசியா ஏப்ரல் 28-இல் இருந்து மூன்று வாரத்துக்கும் மேலாக ஏற்றுமதியையே நிறுத்தியது. டில்லியில் யாரும் ஒரு கையெழுத்தும் போடாமலே இங்கே எண்ணெய் எரிந்தது. 2020 ஜனவரியில் மலேசியாவோடு வந்த அரசியல் மனக்கசப்பில் சுத்திகரித்த பாமாயில் வரத்துக்கே இங்கே கட்டுப்பாடு போட்டார்கள். இத்தனையையும் பள்ளத்தூரில் உட்கார்ந்து ஊகிக்கிற வேலை பலகாரக்காரிக்கு எதற்கு? ஊகவணிகம் செய்கிறவர்கள் வேறு, அவர்களுக்கு நட்டம் வந்தால் வேறு தோட்டம் இருக்கும். மதினிக்கு அந்த 58,000 இருந்தால் அரிசியும் உளுந்தும் வாங்கி, அரைத்துச் சலித்து, ஆர்டரைப் பிடிக்கலாம். முழுதாக அடுக்குவதை நான் வேண்டாம் என்றேன்.

இரண்டாவது வழி கடலெண்ணெய். இதில்தான் மதினிக்கு ஆசை. எனக்கும்தான், கணக்கைப் பார்க்கும்வரை. வரி ஏறினால் ஏறிக்கொள்ளட்டும், நாம் இறக்குமதி எண்ணெயையே தொடவேண்டாம், புதுக்கோட்டைப் பக்கம் ஆலங்குடிக் கடலை இருக்க நமக்கெதற்கு இந்தோனேசியா? கேட்க நன்றாக இருக்கிறது. கடலெண்ணெயில் போட்ட கை முறுக்கின் வாசனை வேறுதான், அதை மறுக்கவே முடியாது. ஐந்து பெண்களில் மூத்தவரான ஆச்சி பாமாயில் சட்டியில் பலகாரம் போடுவாரே தவிர, ஒரு துண்டு வாயில் வைத்துப் பார்த்ததில்லை. "அது எண்ணெய் இல்ல, மெழுகு" என்பார். மார்கழிக் காலையில் டின்னுக்குள் அது வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்தால் அவர் சொல்வது சரி என்றுதான் தோன்றும்.

ஆனால் மரச்செக்கு எண்ணெயைப் பெரிய சட்டியில் வைத்து நாள் முழுக்கப் போட முடியாது. சுத்திகரிக்காத எண்ணெய் சீக்கிரம் புகையும், மாவு விழுந்ததும் பொங்கி வரும். அதற்கு ஆச்சி செய்வதை அருகில் நின்று பார்த்திருக்கிறேன். நெல்லிக்காய் அளவு புளியை உருட்டிக் காய்கிற எண்ணெயில் போடுவார். புளி சடசடவென்று சுற்றிச் சுழன்று கருகும். நுரை அடங்கியதும் கரண்டியால் அதை எடுத்துத் தரையில் தட்டிவிட்டு, அப்புறம்தான் முதல் முறுக்கை இறக்குவார். வீட்டுச் சட்டிக்கு இது சரி. ஒரு நாளைக்கு நாற்பது கிலோ என்றால் புளிக்கே ஒரு ஆள் வேண்டும்.

மில் கடலெண்ணெய் என்றால் இந்தத் தொல்லை இல்லை. விலைதான் தொல்லை. பாமாயிலுக்கும் அதற்கும் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் வித்தியாசம் என்று வைத்தால் ஒரு கிலோ தேன்குழலுக்குப் பதினைந்து ரூபாய் கூடும். செக்கு என்றால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். மூன்றரை ரூபாய் வரி ஏற்றத்துக்குப் பயந்து பதினைந்து ரூபாய்ச் செலவுக்குப் போவது, மழைக்குப் பயந்து கிணற்றில் இறங்குகிற கதை. இன்னொன்றும் இருக்கிறது. பாமாயில் ஏறினால் கடலெண்ணெய் சும்மா இருக்காது, துணைக்குப் போகிற மாதிரி அதுவும் ஏறும். உள்ளூர் எண்ணெய்க்கு மாறிவிட்டால் வரி நம்மைத் தொடாது என்பது பாதிதான் உண்மை.

நாள்பட வைத்துப் பார்த்தால் பாமாயில் பலகாரம் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. அந்தக் கொழுப்பின் இயல்பு அப்படி. கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிற பார்சலுக்கு இது முக்கியம். வேடிக்கைதான், மலேசியாவில் பிழிந்த எண்ணெய் கப்பலேறி இங்கே வந்து, பள்ளத்தூரில் தேன்குழலைப் பொரித்து, மறுபடி விமானமேறி மலேசியாவுக்கே போகிறது. தாத்தாக்கள் போய்வந்த வழியை இப்போது எண்ணெய் போய்வருகிறது.

சூரியகாந்தி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதுவும் இறக்குமதி, அதே வரி. உக்ரைனிலும் ரஷ்யாவிலும் சண்டை என்றால் இங்கே விலை. போதாக்குறைக்கு, பலகாரத்தில் சீக்கிரம் சிக்கும் ஏறும். ஒதுக்கிவிட்டோம்.

மூன்றாவதாக மதினியே ஒரு யோசனை சொன்னார். விலைக்குத் தகுந்தபடி கலந்துகொண்டால் என்ன? ஏறினால் பாமாயிலைக் குறைப்பது, இறங்கினால் கூட்டுவது. இதை நான் உடனே தடுத்தேன். பாக்கெட்டில் என்ன எண்ணெய் என்று பெயர் போட்டே ஆகவேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. வெறுமனே 'சமையல் எண்ணெய்' என்று போட்டுத் தப்பிக்க முடியாது. வாரத்துக்கு ஒரு கலவை என்றால் வாரத்துக்கு ஒரு லேபிள். அச்சடிக்கிற செலவு வரியைத் தாண்டிவிடும். லேபிளை மாற்றாமல் கலப்பது என்பது ஏமாற்று, அதை நாங்கள் பேசவே இல்லை.

எண்ணெய் ஏறியதும் பல இடங்களில் சத்தமில்லாமல் நடக்கிற இன்னொரு காரியம், காய்ந்த எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவது. பொரித்த எண்ணெயில் மொத்த போலார் சேர்மங்கள் (எண்ணெய் காயக் காயச் சேருகிற கெட்ட பொருட்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி. அளக்கிற கருவி எங்களிடம் இல்லை. ஆச்சியின் மூக்குதான் கருவி. எண்ணெய் கருத்து, விரலில் பிசுபிசுத்து, நுரை அடங்காமல் நின்றால் "இறக்கு" என்பார். அதற்கு மேல் மேல்முறையீடு கிடையாது. வரி எவ்வளவு ஏறினாலும் இந்த இடத்தில் கைவைப்பதில்லை என்று முடிவு.

கடைசி வழி, ஒன்றும் செய்யாமல் வாரம் ஐந்து டின் வாங்கிக்கொண்டே போய், ஏறினால் விலையை ஏற்றுவது. சோம்பேறித்தனமாகத் தெரிந்தாலும் இதில் விஷயம் இருக்கிறது. பாக்கெட்டில் அடைத்த காரப் பலகாரத்துக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 12-இல் இருந்து 5 சதவீதம் ஆனதே, அந்த இறக்கத்தைக் கேட்டு வாங்கின வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்களிடம் நாலு ரூபாய் ஏற்றிச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை பத்து ரூபாய் ஏற்றினால் "விலைவாசி அப்படி" என்று போய்விடுவார்கள். டின் ஏறும்போதெல்லாம் பலகார விலையைத் தொட்டால்தான் பெயர் கெடும்.

இவ்வளவு பேசிவிட்டு, இந்த வரியை ஏற்றவேண்டுமா என்று கேட்டால் என்ன சொல்வது? 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று குலோத்துங்கனைக் கல்வெட்டிலேயே புகழ்ந்த ஊர்க்காரர்கள் நாம், வேண்டாம் என்று சொல்ல வாய் வருகிறது. பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கப்பலில் வந்திறங்கிக் கட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு இறக்குமதியைத் திட்டவும் முடியாது. அதே சமயம், பர்மாவின் மௌல்மீனில் வட்டிக்கடையாகத் தொடங்கிய ஒரு பள்ளத்தூர்க் குடும்பம் 1949-இல் சென்னையில் சைக்கிள் தொழிற்சாலை போட்டு வளர்ந்ததும் இறக்குமதிக்கு வேலி போட்டிருந்த காலத்தில்தான். அப்புறம் அந்த வேலியைத் தாழ்த்தினவர்களில் ஒருவரும் இந்தச் சீமைக்காரர். 1997 பட்ஜெட்டில் உச்ச சுங்க வரியை 50-இல் இருந்து 40 சதவீதம் ஆக்கியவர் கானாடுகாத்தானில் பிறந்த ப.சிதம்பரம். ஆக இரண்டு பக்கமும் நம்மூர் ஆள்தான்.

என் கருத்து இது. ஆலங்குடிக் கடலைக்காரருக்கு உண்மையிலேயே கை கொடுக்கும் என்றால் மூன்றரை ரூபாயை நான் கொடுத்துவிடுவேன். ஆனால் 2024-இல் ஏற்றியது முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் மத்தியப் பிரதேசத்துச் சோயாவும் ராஜஸ்தான் கடுகும். நிலக்கடலைக்கு அந்த ஆண்டு ஆதார விலை குவிண்டாலுக்கு 6,783 ரூபாய் என்று அறிவித்தார்கள். அந்த விலைக்குக் களத்துமேட்டில் வந்து வாங்க ஆள் இருந்தால்தானே அது விலை? நாடு ஆண்டுக்கு ஏறக்குறைய 160 லட்சம் டன் எண்ணெய் இறக்குகிறது, தேவையில் பாதிக்கும் மேல். அதைக் குறைக்க 2021-இல் எண்ணெய்ப்பனைக்கு 11,040 கோடி, 2024-இல் எண்ணெய்வித்துகளுக்கு 10,103 கோடி என்று இயக்கங்கள் அறிவித்திருக்கிறார்கள். விதை, கொள்முதல் என்று அது நடந்தால் கடலைக்காரருக்கு நல்லது. திடீரென்று ஏற்றி, எட்டு மாதத்தில் இறக்குகிற வரியை நம்பி அவர் எப்படி அடுத்த பட்டத்துக்கு விதைப்பார்? கச்சாவுக்கும் சுத்திகரித்ததற்கும் இப்போது 19 புள்ளிக்கு மேல் இடைவெளி இருப்பதால் உள்நாட்டுச் சுத்திகரிப்பு ஆலைக்காரர்களுக்கு மட்டும் நிம்மதி. அவர்கள் கேட்டு வாங்கினதும்கூட.

மறுநாள் காலையில் மதினியிடம் சொன்னேன். கடைகளுக்கும் வெளிநாட்டுக்கும் போகிற சரக்குக்குப் பாமாயிலே இருக்கட்டும். கை முறுக்கும் அதிரசமும் மட்டும் மில் கடலெண்ணெயில், தனிச் சட்டி, தனி லேபிள், கிலோவுக்கு இருபது ரூபாய் கூட. வேண்டும் என்கிறவர்கள் வாங்கட்டும். ஆர்டருக்கு முன்பணம் வாங்கும்போதே அந்த ஆர்டருக்கான எண்ணெயை வாங்கிவிடவேண்டும், அதற்கு மேல் ஒரு டின்னும் வேண்டாம். தீபாவளியில் பட்டது இந்த ஒன்றைச் செய்யாததால்தான். கையில் இருக்கிற கல்யாண ஆர்டர்களைக் கூட்டினால் பன்னிரண்டு டின் வந்தது.

மதினி கடைக்காரரைக் கூப்பிட்டார். பன்னிரண்டு என்றதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், வரி ஏறினால் தன்னைக் குறை சொல்லக்கூடாது என்று மறுபடி ஆரம்பித்தார்.

"அதெல்லாம் சொல்லமாட்டேன்," என்றார் மதினி. "ஆனா டின்னு விலை ஏறுனா காலி டின்னு விலையும் ஏறும்ல? அதை மட்டும் மறக்காமச் சேத்துக் குடுத்துருங்க."